மாரி வெள்ளத்தின்பின் புற்றோட்டம்: தூறுகளைச் சோதித்தலும் மறுநடுகையும்



மார்கழி கழிந்து தை பிறக்கும் வேளையில், வெள்ளம் வடிந்த தோட்டங்களுட் கால்வைக்கக்கூடிய நிலைமை ஏற்பட்டதும், நீர்வேலியில் நீங்கள் முதலிற் கணக்கெடுப்பது வாழையைத்தான். எத்தனை மரம் சாய்ந்தது, எத்தனை குலை பிஞ்சிலே போயிற்று என்பதை ஒவ்வொருவரும் விரல்விட்டுச் சொல்வீர்கள். மரவள்ளியிற் கிழங்கு எவ்வளவு அழுகிற்று, கத்தரி எத்தனை பட்டுப்போயிற்று என்பதும் உங்களுக்குத் தெரியும். கமநல சேவை நிலையத்துக்கு நட்டவிவரம் கொடுக்கும்போதும் இவையே தாளில் ஏறுகின்றன. ஆனால், கிணற்றடி வாய்க்காலோரத்திலும் தோட்டத்தின் கீழ்க்கோடியிலும் மாட்டுக்கென நட்டுவைத்த புல்லை எண்ணுவார் அரியர். புல்லைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பதில்லை. ஆதலின் அது அழிந்தாலும் நட்டமாகத் தோன்றுவதில்லை.

அந்த நட்டம் தையிற் கண்ணுக்குத் தெரியாது. ஆனி, ஆடி மாதங்களிற் சோளகக் காற்று வீசி, தரவை காய்ந்து வெளிறும்போதுதான் தெரியவரும். அப்போது வைக்கோலை விலைகொடுத்து வாங்கவேண்டும். தவிட்டையும் பிண்ணாக்கையும் கூட்டவேண்டும். அப்படிக் கூட்டியும் பால் குறையும்; பசு பருவத்துக்கு வராது நாட்கடத்தும்; கன்று மெலியும். ஈற்றில், வீட்டுச் செலவைத் தாங்கிவந்த பசு குறைந்த விலைக்குக் கைமாறிப்போகும். ஆடியில் நிகழும் அந்த விற்பனைக்குக் காரணம் தையிலே பாராமல் விடப்பட்ட புற்றோட்டமாயிருத்தல் கூடும்.

ஆகவே இவ்வுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: வெள்ளத்தின்பின் புல்லின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேரைப் பார்த்து, தூறுகளை எண்ணி, அதன்பின் முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் காலந்தாழ்த்தாது, மண்ணில் ஈரம் இருக்கும்போதே நட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் நம்மவரிடையே இரண்டு வகையான அவசரங்களைக் காண்கிறோம். புல் மஞ்சளித்துச் சாய்ந்திருப்பதைக் கண்டவுடனே உழவு இயந்திரத்தை இறக்கி அடியோடு புரட்டிவிடுவோர் ஒரு சாரார். உயிரோடிருந்த தூறுகளும் அதனோடு போய்விடுகின்றன. மற்றொரு சாரார், “புல்லுத்தானே, தானே முளைக்கும்” என்று விட்டுவிடுவர். நமது தோட்டங்களிற் பெருகிவரும் கோ 3, கோ 4 ஆகிய புற்கள், கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கம்பையும் நேப்பியர்ப் புல்லையும் கலந்து உருவாக்கப்பட்டவை. இக்கலப்புப் புற்கள் முளைக்கத்தக்க விதை தருவதில்லை. ஆதலின் செத்த தூறு இருந்த இடம் வெற்றிடமே. அவ்விடத்திற் கோரை முளைக்குமேயன்றிப் புல் முளைக்காது. கினிப்புல்லின் செய்தி வேறு. அது விதை சிந்தும் புல். மழையின்பின் தாய்த்தூறுகளின் இடையே சிறு நாற்றுக்கள் தோன்றி வெற்றிடத்தை ஓரளவு தாமாகவே நிரப்பிக்கொள்ளும். ஆகவே எந்தப் புல் என்று அறியாமல் “முளைக்கும்”, “முளைக்காது” என்று சொல்லுதல் பொருந்தாது.

இனி நிலத்தைப் பார்ப்போம். நீர்வேலியில் மேற்குப் பக்கமாக உரும்பிராயை நோக்கிச் செல்லச் செல்லச் செம்மண். அதன் கீழே சுண்ணாம்புக்கல். நல்ல நிலையிலுள்ள செம்மண்ணில் மழைநீர் நெடுநேரம் தங்குவதில்லை, விரைவாகக் கீழிறங்கிவிடும். பருத்தித்துறை வீதிக்குக் கிழக்கே வயலையும் கடனீரேரியையும் நோக்கிப் போகப் போக நிலம் தாழ்ந்து, மண்ணும் சாம்பல் நிறமாகி, நீர் தேங்கும் இயல்பு மிகுகின்றது. நமது ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள குறுகிய காலத்திற் பெய்துவிடுவதால், தாழ்ந்த காணிகளில் நீர் நிற்பது புதுமையன்று. ஆயினும், மதில்கள் எழுந்து வெள்ளவாய்க்கால்கள் அடைபட்ட இடங்களிலும், மதகுகள் தூர்ந்த இடங்களிலும், முன்னர் ஒரு நாளில் வடிந்த நீர் இப்போது பல நாள் நிற்கின்றது. மேட்டுச் செம்மண்ணிலேகூட, உழவு இயந்திரம் ஓடியோடி இறுகிய அடித்தட்டு உள்ள தோட்டங்களில் நீர் மேலே நின்றுவிடுவதுண்டு.

2008 நவம்பரில் நிஷா புயலும், 2020 டிசம்பரிற் புரெவியும், 2024 நவம்பர் இறுதியில் பெங்கல் புயலையொட்டிய மழையும் குடாநாட்டை வெள்ளக்காடாக்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கியது. இவற்றை ஒருமுறை வந்துபோன விபத்துக்களென்று ஒதுக்கிவிடுதல் இயலாது. புல் நடும்போதே வெள்ளமும் வரும் என்று எண்ணி நடவேண்டிய காலம் இது.

வெள்ளம் புல்லை எவ்வாறு கொல்கின்றது? தண்ணீர் மிகுந்ததனால் வேர் சாவதில்லை; காற்று இல்லாமையாலேயே சாகின்றது. மண்துகள்களின் இடையே இருக்கும் காற்றை நீர் வெளியேற்றிவிட, வேர் மூச்சுவிட வழியின்றித் திணறுகின்றது. சில நாட்களில் நுண்ணிய வேர்கள் அழுகத் தொடங்கும். வேர் அழுகவே தழைச்சத்தை உறிஞ்ச முடியாமையால் இலை மஞ்சளிக்கின்றது. மண்ணிலிருந்த தழைச்சத்திலும் ஒரு பகுதி நீரோடு கழுவுண்டு கிணற்றுக்குப் போய்விடுகின்றது. இவ்வளவு நடந்தும் தூற்றின் அடிக்கட்டையிலுள்ள கணுக்களின் முகைகள் உயிரோடு இருக்கலாம். அவ்வாறிருப்பின் நீர் வடிந்ததும் அக்கணுக்களிலிருந்து புதிய வெள்ளை வேர்கள் இறங்கும். ஆகவே மஞ்சள் நிறம் நோய்க்குறியே. அதனைச் சாவுக்குறி என்று கொள்ளற்க. தை மாத இரவுகளிற் குளிர் மிகுந்திருப்பதாலும் பகல் குறுகியிருப்பதாலும் நன்னிலையிலுள்ள புல்லும் மெதுவாகவே வளரும் என்பதை இதனோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

வேரைப் பார்த்து முடிவு செய்யும் இம்முறை நாம் புதிதாகக் கண்டதன்று. நம்மவர் பலர் குடியேறியிருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலும், பாற்பண்ணையாளர்கள் குதிரைமசால் என்னும் தீவனப்பயிரைப் பெருமளவிற் செய்கைபண்ணுகின்றனர். அங்கே பயிரைக் கொல்வது பனிக்கட்டி. உறைந்தும் இளகியும் மாறி மாறி வரும் மண் வேரை மேலே தள்ளிவிடும். பனிக்கட்டித் தட்டின்கீழ் அகப்பட்ட பயிர் மூச்சுத்திணறிச் சாகும். வசந்தம் பிறந்ததும் அப்பண்ணையாளர்கள் மண்வெட்டியோடு வயலில் இறங்கி, வேரைக் கிண்டி எடுத்து, நெடுக்காகப் பிளந்து பார்க்கின்றனர். உள்ளே வெண்மையாயும் உறுதியாயும் இருந்தால் உயிருண்டு. கபிலநிறமாகி நார்நாராய் இருந்தால் அது போய்விட்டது. அதன்பின் செடிகளை எண்ணாமல் தண்டுகளை எண்ணுகின்றனர். ஒரு சதுர அடியில் 55 தண்டுகளுக்கு மேலிருந்தால் விளைச்சலுக்குக் குறைவில்லை, 40க்குக் கீழிறங்கினால் மாற்றுப் பயிரைப்பற்றி யோசிக்கவேண்டும் என்பது விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் அறிவுரை. செடி இருந்தாலும் தண்டு விடாவிட்டால் மாட்டுக்கு என்ன பயன்? நமது புல்லுக்கு அந்த எண்கள் பொருந்தமாட்டா. அந்த வழி பொருந்தும்.

நிற்க, தோட்டத்தில் இறங்குமுன் ஓர் எச்சரிக்கை. 2024 டிசம்பரில், வெள்ளத்தைத் தொடர்ந்து யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிரிழப்புக்களும் நேர்ந்தன. எலியின் சிறுநீர் கலந்த சேற்றுநீர், காலிலுள்ள சிறு வெடிப்பு, கீறல் வழியாகவும் நோயை உடலுட் கொண்டுசெல்லும். முழங்கால் வரையுள்ள றப்பர்ச் சப்பாத்து அணிந்து இறங்குங்கள். காலிற் புண்ணிருப்பவர் இறங்கவேண்டாம். தடுப்பு மருந்தைப்பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிற் கேட்டறியுங்கள். தோட்டத்தில் வேலைசெய்தபின் காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வீட்டிலிருந்து குடிநீர் அவித்துக் குடித்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குச் சென்று, வெள்ளத்தில் நின்றதைச் சொல்லுங்கள்.

சோதனைக்கு ஏற்ற காலம், நீர் முற்றாக வடிந்து 10 முதல் 14 நாட்கள் சென்றபின் வருவதாகும். அதற்கு முன் பார்த்தால் சாகப்போகும் தூறும் பச்சையாயிருக்கும். பிழைக்கப்போகும் தூறும் செத்ததுபோலிருக்கும். வேண்டிய கருவிகள் ஒரு மண்வெட்டி, ஒரு கூரிய கத்தி, பழஞ்சேலைத் துண்டுகள் சில, ஒரு தாள் என்பனவே.

முதலில் தூற்றின் நடுவே விலக்கிப் பாருங்கள். அடிக்கணுக்களிலிருந்து ஊசிபோலப் பச்சைக் குருத்துக்கள் புறப்பட்டிருந்தால் வேறு சோதனை வேண்டியதில்லை. குருத்து இல்லையாயின், தூற்றின் ஓரத்தில் மண்வெட்டியை இறக்கி, வேரோடு ஒரு பங்கைப் பெயர்த்தெடுங்கள். வேரை இரு விரல்களுக்கிடையே பிடித்து இழுங்கள். மேற்றோல் உரிந்து கையோடு வந்து, உள்ளே நூல்போன்ற நார் மட்டும் எஞ்சினால் அவ்வேர் செத்தது. மூக்கருகே கொண்டுசென்று மோந்தும் பாருங்கள்; அழுகிய வேரிற் கழிவுவாய்க்காற் சேற்றின் நாற்றம் இருக்கும். பின்பு அடிக்கட்டையைக் கத்தியால் நெடுக்காகப் பிளவுங்கள். உள்ளே பால்வெண்மையாய், ஈரமாய், கத்திக்குக் கெட்டியாய் இருப்பின் வேர் பாதி போயிருந்தாலும் தூறு பிழைக்கும். கபிலநிறமாய், பஞ்சுபோல அமுங்கினால், அல்லது உள்ளே பொந்தாயிருந்தால், அதில் நம்பிக்கை வைக்கவேண்டாம். ஒரே தூற்றில் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கபிலமுமாக இருத்தலும் உண்டு. அத்தகைய தூறுகளை நலிந்தவை என்று தனியாக வகுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் வகை இது. மூன்றடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்ட ஒரு பரப்புக் காணியில் ஏறத்தாழ 450 தூறுகள் நிற்கும். ஒன்றிரண்டு பரப்பானால் எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். அரை நாள் வேலைகூட இல்லை. காணி பெரிதாயின், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கும் மறுக்குமாக நடந்து, பத்து இடங்களிற் பத்துப் பத்துத் தூறுகளாக நூறு தூறுகளைப் பாருங்கள். வாய்க்காலோரத்தில் நிற்கும் நல்லவற்றை மட்டும் எண்ணி மனந்தேறுவதும், பள்ளத்தில் அழிந்தவற்றை மட்டும் எண்ணி மனமுடைவதும் கணக்காகா. உயிருள்ளதை ஒன்றெனவும், நலிந்ததை அரையெனவும், செத்ததைச் சுன்னமெனவும் எழுதுங்கள். செத்தவற்றிற் சேலைத்துண்டைக் கட்டிவிட்டால், பின்பு வரப்பில் நின்று நோக்கும்போது அவை எங்கெங்கே கிடக்கின்றன என்பது புலனாகும். அது ஏன் வேண்டும் என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நூறு தூறுகளில் 52 உயிருள்ளவை, 20 நலிந்தவை, 28 செத்தவை. நலிந்த 20ஐப் பத்தாகக் கொண்டால் மொத்தம் 62. அதாவது நூற்றுக்கு 38 பங்கு போய்விட்டது. இதை மாட்டின் வயிற்றுக்கணக்காக மாற்றுவோம். 300 கிலோ நிறையுள்ள பசு, தன் நிறையிற் பத்திலொரு பங்காக, நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பச்சைப்புல் தின்னும். 45 நாளுக்கு ஒருமுறை புல் வெட்டுவதாயின், ஒரு சுற்றுக்கு 1,350 கிலோ வேண்டும். தூறொன்று ஒரு வெட்டில் ஒன்றரைக் கிலோ தருவதாகக் கொண்டால், அதற்கு 900 தூறுகள், அதாவது இரண்டு பரப்பு வேண்டும். உங்கள் தூறு எவ்வளவு தருகின்றதென்பதைப் பத்துத் தூறு வெட்டித் தராசில் நிறுத்து நீங்களே அறிந்துகொள்ளலாம். என் கணக்கை அப்படியே ஏற்கவேண்டாம். நூற்றுக்கு 38 பங்கு போனால், ஒரு சுற்றில் 513 கிலோ குறையும். அது பதினேழு நாள் உணவு! 45 நாளிற் பதினேழு நாள் பசு எதைத் தின்னும் என்ற கேள்விக்கு விடை காண்பதே மறுநடுகை.

இனி முடிவு செய்யும் முறை. பின்வரும் எல்லைகள் தோட்டங்களிற் கண்டவற்றைக்கொண்டு நான் வகுத்துக்கொண்ட அளவுகோல், நூல்விதி அன்று. நூற்றுக்கு 70க்கு மேல் தேறினால், செத்த இடங்களை நிரப்பினாற் போதும். 40க்குக் கீழானால், பழைய புல்லைக் கிளறிவிட்டுப் புதிதாக நடுவதே நன்று. இடைப்பட்டதாயின் புல்லின் வயதைப் பாருங்கள். நட்டு ஈராண்டு ஆகாத இளந்தோட்டமாயின் இடைநிரப்புங்கள். மூன்று நான்கு ஆண்டுகளைக் கடந்து, தூறு நடுவிலே பொந்தாகி மண்ணுக்கு மேலே எழும்பி நிற்குமாயின், வெள்ளம் வந்திராவிட்டாலும் அது மாற்றவேண்டிய தோட்டமே. ஆயினும் ஒன்று. எவ்வளவு அழிந்திருந்தாலும் முழுத் தோட்டத்தையும் ஒரே நாளிற் புரட்டாதீர்கள். ஒரு பாதியைப் புரட்டி நடுங்கள். அது முதல் வெட்டுக்கு வந்தபின் மறுபாதியைத் தொடுங்கள். இடையிலே நலிந்த தூறு தரும் அரைக்கட்டுப் புல்லும் புல்லே.

இப்போது சேலைத்துண்டுக்கு வருகிறேன். வரப்பில் நின்று பார்க்கும்போது செத்த தூறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால், நலிந்த தூறுகளை வெள்ளம் தெரிந்தெடுத்துக் கொன்றது என்பது பொருள். அவ்விடங்களில் அதே புல்லை நடலாம். செத்தவை எல்லாம் ஓரிடத்தில் திட்டாகக் கிடந்தாலோ, ஒரு கோட்டில் தொடர்ச்சியாகச் சென்றாலோ, அது நீர் நிற்கும் இடம் அல்லது நீர் ஓடும் வழி. அங்கே கோ 3 புல்லைத் திரும்ப நடுவது, வருகிற கார்த்திகையில் மீண்டும் சாவதற்கென்றே நடுவதாகும். மறுநடுகையிற் செலவாகும் உழைப்பிற் பெரும்பகுதி வீணாவது இவ்வேறுபாட்டைக் கவனியாமையினால்தான்.

அத்தகைய பள்ளத்துக்கு எருமைப்புல் ஏற்றது. பாராப்புல் என்பதும் இதுவே. நீர் நிற்கும் நிலத்தைத் தாங்கும்; சிறிதளவு உவரையும் பொறுக்கும். ஆகையால் கடனீரேரிப் பக்கத்துக் காணிகளுக்கும் உதவும். படர்ந்தோடும் அதன் கொடித்தண்டை, வேர்விட்ட கணுக்களோடு, ஓரடி நீளத்தில் வெட்டி, ஒன்றரை முதல் இரண்டடி இடைவெளியில் ஈரச்சேற்றில் அழுத்திவிட்டாற் போதும். ஆனால் இது வரம்பு கடந்து ஓடும் புல். பக்கத்தில் நெல்வயல் இருந்தால், அயலவரின் வயலுக்குள் புகுந்து களையாகும், வாய்க்காலையும் அடைத்துவிடும். எல்லையிலே ஒரு சிறு கால்வாய் வெட்டி, மாதமொருமுறை ஓரத்தைச் செதுக்கி வரக்கூடியவர்களே இதனை நடவேண்டும். அயலவரோடு புல்லுக்காக மனத்தாங்கல் வேண்டாம்.

மேட்டிலே கோ 3, கோ 4 நடுவோர்க்குச் சில வார்த்தைகள். வெள்ளத்தில் நிற்காத, நன்கு முற்றிய, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட தண்டுகளையே தெரிந்தெடுங்கள். நீரிற் கிடந்த தோட்டத்தின் தண்டு பார்வைக்கு நன்றாயிருந்தாலும், கணுமுகைகள் கருகியிருக்கும். மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாகச் சாய்வாக வெட்டி, இரண்டு கணுக்கள் மண்ணினுள்ளும் ஒன்று வெளியிலும் இருக்கும்படி சரித்து நட்டு, சுற்றிலும் மண்ணைக் காலால் மிதித்து இறுக்குங்கள். முகை மேல்நோக்கியிருத்தல் வேண்டும். தலைகீழாக நட்ட துண்டுகளை நான் பல தோட்டங்களிற் கண்டிருக்கிறேன். கூலியாளை அனுப்பிவிட்டு வீட்டிலிருந்தால் இவ்வாறுதான் நேரும். நடுமுன் குழிக்கு இரண்டு கை மக்கிய எரு இடுங்கள். நடுகை முழுவதையும் மேட்டுப்பாத்தியிற் செய்து, இரண்டு வரிசைக்கொரு கானெடுத்து, அக்கான் உண்மையிலே வெளியே வடிகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

துளிர்த்து மூன்று நான்கு வாரத்தின்பின், ஒரு பரப்புக்கு இரண்டு கிலோ யூரியா போதும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நாம் மிகையாக இடும் பசளையும், மாட்டுக்கொட்டிற் கழிவும் சுண்ணாம்புக்கல் வெடிப்புக்கள் வழியே நாம் குடிக்கும் நீருக்கே போய்ச் சேருகின்றன. புல் கருமையாயிருக்க வேண்டும் என்ற ஆசையினால், குழந்தைகள் குடிக்கும் தண்ணீரைக் கெடுத்துக்கொள்ளல் ஆகாது. அளவுக்கு மிஞ்சிய யூரியா உண்ட இளம்புல்லில் அதே நைத்திரேற்று சேர்ந்து மாட்டுக்கும் நஞ்சாகும்.

தை நடுப்பகுதியில் நட்ட புல் 75 முதல் 80 நாட்களில், அதாவது பங்குனி இறுதியளவில், முதல் வெட்டுக்கு வரும். அதன்பின் 45 நாளுக்கொருமுறை வெட்டலாம். சோளகம் வலுக்குமுன் வேர் ஆழமாக ஊன்றிவிடும். மாசி கடந்து நட்டால், வேர்பிடிக்கும் காலம் முழுவதும் கிணற்றை நம்பியிருக்க நேரும். நமது நிலத்தடி நீர், உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலம். கோடையில் அதை இறைத்து இறைத்துப் புல்லுக்கு விட்டால் கிழக்குப்புறக் கிணறுகள் உவராகும். தையின் ஈரம் இலவசமாகக் கிடைப்பது; அதனைப் பயன்படுத்துங்கள்.

உயிரோடிருக்கும் பழைய தூறுகளை மறந்துவிடாதீர்கள். புதுக்குருத்துக் கண்டபின், சேறுபடிந்த பழந்தண்டை நிலத்திலிருந்து ஆறங்குலம் விட்டு வெட்டி அகற்றுங்கள். மட்டமாக வெட்டினால் முகைகள் போய்விடும். முதல் வெட்டை 45 நாளில் எடுக்காது 60 நாள்வரை பொறுங்கள். நோயினின்று எழுந்தவனை மறுநாளே தோட்டம் கொத்த அனுப்புவோமா?

புதுப்புல் வரும்வரை உள்ள இரண்டரை மாத இடைவெளிக்கு, அவசரத் தீவனமாகச் சோளமும் கௌபீயும் கலந்து நெருக்கமாக விதைத்து, அறுபது நாளளவில் வெட்டலாம். இறுங்கு விதைப்போர் கவனமாக இருக்கவேண்டும். இளம் இறுங்கிலும், வெட்டியபின் துளிர்க்கும் மறுதளிரிலும் மரவள்ளி இலையிலுள்ளது போன்ற ஐதரோசயனிக் அமில நஞ்சு உண்டு. பூக்கத் தொடங்கும்வரை அதனை மாட்டுக்குப் போடாதீர்கள். மாட்டை அதனுள் அவிழ்த்தும் விடாதீர்கள். தின்ற மாடு மூச்சுவாங்கித் தள்ளாடினால், ஒரு நொடியும் தாமதியாது கால்நடை வைத்தியரை அழையுங்கள்.

வேலியிலே உள்ளதையும் பாருங்கள். கிளிசீரியா, பூவரசு, வாதநாராயணி ஆகியவற்றின் குழை மாரியிலும் நிற்கும். இப்பிலிப்பில் நல்ல குழைதான். எனினும் அதிலுள்ள மைமோசின் காரணமாக, முழுத்தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். பனையோலையை நம் முன்னோர் கிழித்துப் போட்டே கோடையைக் கடத்தினர். புயலிற் சாய்ந்த வாழை நீர்வேலியிற் குவிந்து கிடக்கும். வாழைத்தண்டைச் சிறுதுண்டுகளாக நறுக்கிப் போடலாம். மாடு விரும்பித் தின்னும். ஆயின் அதிற் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிரம்பியதைக் கண்டு மாடு உண்டது என்று எண்ணிவிடாதீர்கள். வைக்கோலோடும் சிறிது பிண்ணாக்கோடும் சேர்த்தே கொடுங்கள். வெள்ளத்தில் மூழ்கிய புல்லைக் கழுவி, வெயிலில் வாட்டிக் கொடுக்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் எருக்குழிக்கே உரியது.

2022 டிசம்பரில், மாண்டூஸ் புயலையொட்டி வந்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் மாண்டன. மாட்டின் இரைப்பையில் நார்த்தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் வெப்பமே குளிரில் அதனைக் காக்கும் அடுப்பு. வாடைக்காற்றுக்கு மறைப்பில்லாத கொட்டிலில், வெறுவயிற்றோடு, நனைந்து நிற்கும் மாட்டுக்கு அந்த அடுப்பும் இல்லை. ஆகவே, கார்த்திகைக்கு முன்பே ஒரு மாதத்துக்குரிய வைக்கோலைப் பலகைமேல் அடுக்கி வைத்திருப்பவர், புல்லை மட்டுமன்றி மாட்டையும் காப்பவராவர்.

வரும் மாரிக்கு இரண்டு காரியங்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிற் கடைசி வெட்டு எடுக்கும்போது, நீர் தேங்கும் பகுதியில் ஓரடி அடிக்கட்டை விட்டு வெட்டுங்கள். மேல்முனை நீருக்கு வெளியே நின்றால் தூறு மூச்சுவிடும். ஒட்ட வெட்டிய தூறு முழுகிச் சாகும். அடுத்து, வீட்டு வளவில் மேடான ஓரிடத்தில், கிணற்றுக் கழிவுநீர் பாயும் வாய்க்காலோரமாக, இருபது முப்பது தூறுகளை வெட்டாமல் முற்றவிட்டு நடுகைத் தண்டுக்கென ஒதுக்குங்கள். வெள்ளத்தின்பின் எல்லாரும் ஒரே வேளையில் தண்டு தேடுவதால், கேட்ட இடத்திற் கிடைப்பதில்லை. தன் வளவில் முப்பது தூறு வைத்திருப்பவர் தமக்கும் நட்டு, அயலவருக்கும் ஒரு கட்டுக் கொடுக்கலாம்.

தண்டு கிடையாதவர்கள் கோப்பாய்ப் பகுதிக் கால்நடை வைத்தியர் பணிமனையில் தை முதல்வாரத்திலேயே கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கணக்கெடுத்த தாளையும் கையோடு கொண்டுசெல்லுங்கள். எத்தனை தூறு செத்தது, மேட்டிலா பள்ளத்திலா என்பது எழுத்தில் இருந்தால், எத்தனை துண்டு வேண்டும், எந்தப் புல் வேண்டும் என்பதை அங்குள்ளவர்கள் உடனே சொல்லமுடியும். திரும்பிவந்ததும் அத்தாளைக் கொட்டிலின் வளையிற் செருகிவையுங்கள். ஐப்பசியிற் கான் வெட்டத் தொடங்கும்போது, எந்த மூலையில் முதலில் வெட்டவேண்டும் என்பதை அது காட்டும்.